நட்டஈட்டுப் பணமும் கம்பனிப் பெயர்ப்பலகையும்



காணியை இழந்த குடும்பத்தின் கைக்கு மொத்தமாகப் பணம் வருவது வாழ்நாளில் ஒரு முறைதான். வயல் ஆண்டுக்கு இரு முறை விளையும். பெரும்போகம் பொய்த்தாலும் சிறுபோகத்தை நம்பி இருக்கலாம். நட்டஈடு அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஒரே ஒரு போகந்தான் உண்டு. அதை எங்கே விதைக்கிறோம் என்பதிலேதான் பிள்ளைகளின் நாளைய சோறு தங்கியிருக்கிறது.

கண்டிப் பகுதி மக்களுக்கு இது பழக்கப்பட்ட துன்பம். விக்டோரியா அணைக்காக மகாவலி மறிக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் போயின. 1985 ஏப்ரலில் அணை திறந்துவைக்கப்பட்டது. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. வேறு பல திகன, குண்டசாலைப் பக்கங்களில் சிறு துண்டுக் காணிகளோடு தங்கின. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து இங்கு வேரூன்றியவர்களும் உள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீட்டையும் தோட்டத்தையும் கொண்டுபோன குடும்பங்கள் இன்னும் கண்ணீர் காயாமல் இருக்கின்றன. காரணங்கள் வேறு, ஆண்டுகள் வேறு. ஆனால் கேள்வி ஒன்றே: மண்வெட்டி பிடித்த கை இனி எதைப் பிடிப்பது?

இக்கேள்விக்குப் பலர் கண்டுள்ள விடை ஒரு கடை. அதிலும் சாதாரண பலசரக்குக் கடையாக இல்லாமல், பெயர் பெற்ற கம்பனி ஒன்றின் பலகையைத் தொங்கவிட்டு, கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கணினிப் பட்டோலையுமாக விளங்கும் கடை. "பிரான்சைஸ்" என்று அதற்குப் பெயர். இதைப் பற்றி எம்மிடம் விசாரிப்போர் தொகை கூடிவருவதால் எமது கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம். கடை வைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கடையின் பெயர் கம்பனிக்கும், நட்டம் முழுவதும் குடும்பத்துக்கும் என்று எழுதப்பட்ட தாளில் நட்டஈட்டுப் பணத்தை வைத்துக் கையொப்பமிட வேண்டாம் என்கிறோம். ஏன் என்பதை இனி விளக்குவோம்.

பிரான்சைஸ் என்றால் என்ன?

கம்பனி தன் பெயரையும், கடை நடத்தும் முறையையும், சரக்கு வரும் வழியையும் நமக்குத் தருகிறது. நாம் கடைக்கு இடமும் பணமும் உழைப்பும் தருகிறோம். அதன்மேல் பெயரைப் பாவிப்பதற்காக ஆரம்பத்தில் ஒரு தொகையும், பின்னர் மாதந்தோறும் விற்பனையிலோ இலாபத்திலோ ஒரு பங்கும் கொடுக்கிறோம். இதுவே அதன் சுருக்கம். ஏஜென்சிக் கடையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏஜென்சிக்காரர் பல கம்பனிகளின் பொருளை விற்கலாம், தன் பெயரிலேயே கடை நடத்தலாம். பிரான்சைஸ் எடுத்தவர் கம்பனி சொன்ன பொருளை, சொன்ன விலையில், சொன்ன நேரத்தில் விற்க வேண்டும்.

இவ்வகைக் கடையின் தொடக்கம் எளிமையானது. 1927 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் பனிக்கட்டி விற்ற ஒரு நிலையத்தில் பால், பாண், முட்டை ஆகியவற்றையும் வைத்து விற்றார்கள். மற்றக் கடைகள் பூட்டியிருந்த நேரத்திலும் அது திறந்திருந்ததால் மக்கள் விரும்பினார்கள். அதுவே பின்னர் செவன் இலெவன் என்னும் உலகளாவிய கடைத்தொடராயிற்று. 1964 இலிருந்து அது கடைகளைப் பிறருக்குப் பிரான்சைஸ் முறையில் கொடுக்கத் தொடங்கியது. 1974 இல் ஜப்பானில் முதற் கடையைத் திறந்தபோது, அதுவரை மதுபானக் கடை நடத்திவந்த ஒரு சிறு வியாபாரியே அதைப் பொறுப்பேற்றார்.

எமது கண்டிக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. இன்று நாடெங்கும் ஃபூட் சிட்டிகளை நடத்தும் கார்கில்ஸ் நிறுவனம் 1844 இல் கண்டியில் ஒரு பண்டகசாலையாகத் தொடங்கியதே. அதன் முதலாவது சுப்பர்மார்க்கெட் 1983 இல் கொழும்பில் திறக்கப்பட்டது. கண்டி நகரில் நாம் காணும் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் கம்பனிகள் தாமே சொந்தப் பணத்தில் நடத்துபவை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நல்ல சந்தியில், நிச்சயமான வியாபாரம் உள்ள இடத்தில், கம்பனி தன் பணத்தையே போடும். நம்முடைய பணத்தைப் போடும்படி கேட்கும் இடம் எத்தகையது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பணம், எதற்கெல்லாம்?

"இத்தனை இலட்சம் இருந்தாற் போதும்" என்று முகவர் சொல்லும் தொகை பெரும்பாலும் நுழைவுப் பணமும் அலங்கார வேலையும் மட்டுமே. முழுச் செலவை ஆறு பங்காகப் பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பெயருக்காகக் கொடுக்கும் நுழைவுப் பணம். இது திரும்பி வராது. இரண்டாவது, வைப்புப் பணம். இது திரும்பி வரும் என்பார்கள். எப்போது, எந்தக் கழிவோடு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, கடை முகப்பு, தட்டுகள், விளக்கு, குளிரூட்டிகள், தராசு, கணினி ஆகியன. இவற்றை வெளியில் மலிவாக வாங்க முடிந்தாலும் கம்பனி குறிக்கும் இடத்தில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். நான்காவது, கட்டடத்துக்கு முற்பணமும் வாடகையும். ஐந்தாவது, முதற் சரக்கு. ஆறாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: கடை காலூன்றும் வரை குறைந்தது ஆறு மாதத்துக்குக் குடும்பம் சாப்பிடவும், மின்சாரக் கட்டணம் கட்டவும், தீர்ந்த சரக்கை மீண்டும் வாங்கவும் வேண்டிய கைப்பணம். இது இல்லாமற் கடை திறப்பது விதைநெல்லை உண்டுவிட்டு மழையைப் பார்ப்பது போன்றது.

மின்சாரத்தைத் தனியே சொல்ல வேண்டும். குளிரூட்டிகள் இரவும் பகலும் ஓடும். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் குறைந்தது, மறுபடியும் கூடியது. பெட்டிக்கடைக்காரர் இரண்டு பல்பை அணைத்துச் சமாளித்தார். ஐஸ்கிறீம் பெட்டியை அணைக்க முடியுமா?

அரசாங்கத்தின் தேவைகள்

கம்பனியின் பெயர் இருந்தாலும் சட்டத்தின் முன் கடைக்காரர் நாமே. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் மூலம் பதிய வேண்டும். பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ ஆண்டுதோறும் வியாபார அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர், கழிவு, எலி, பூச்சி யாவற்றையும் பார்ப்பார். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி காலாவதியான அல்லது பழுதான உணவை விற்றால் வழக்கு விற்றவர்மேல் வரும். தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிக்கு வைக்கவும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் சொல்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

ஆள் வைத்தால் கணக்கு மாறும். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஆக ஓர் ஆளுக்கு 34,500 ரூபா. கடைத் தொழிலாளர்களுக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியுமே. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, ஏழு நாளும் கடை திறந்திருந்தால் வாரத்துக்கு 112 மணி நேரம். ஒரே ஓர் ஆள் எந்நேரமும் நிற்பதற்கே இரண்டரைப் பேர் வேண்டும்.

காப்புறுதியையும் மறக்க வேண்டாம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் கடைகள் எரிந்ததை இப்பக்கத்தில் மறந்தவர் யாருமில்லை. சாதாரண தீக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாக அடங்கிவிடாது. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம் ஆகியவற்றுக்கான காப்பைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். வெள்ளம், மண்சரிவு ஆகியனவும் பத்திரத்தில் எழுத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை மலை சரிந்து பெயர்ந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கொப்பிக் கணக்கு

குண்டசாலைப் பக்கம் ஒரு குடும்பம். தகப்பனார் முன்னர் மரக்கறி செய்தவர். முகவர் ஒருவர் காட்டிய தாளில் "நாள் விற்பனை 25,000 ரூபா, மாத விற்பனை ஏழரை இலட்சம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அம்மா அதைப் பார்த்து, "ஏழரை இலட்சத்தில் மாதம் ஓர் இலட்சமாவது மிஞ்சாதா, ஐயா?" என்று கேட்டார். பிள்ளையின் பாடசாலைக் கொப்பியை வாங்கி அங்கேயே எழுதிப் பார்த்தோம். கீழே தருவது உதாரணக் கணக்கு. உங்கள் இடத்து வாடகையையும் வீதங்களையும் இட்டு நீங்களே மாற்றி எழுதுங்கள்.

மாத விற்பனை 7,50,000 ரூபா. அரிசி, சீனி, பால்மா, சவர்க்காரம் எல்லாம் கலந்து நூற்றுக்குப் பத்து ரூபா நிற்கிறது என்று வைத்தால் 75,000 ரூபா. இதுதான் நம்முடைய கைக்கு வருவது, மீதி சரக்குக்காரருடையது. இதிலிருந்து வாடகை 20,000, மின்சாரம் 15,000, பழுதும் காலாவதியும் களவும் விற்பனையில் நூற்றுக்கு ஒன்று என 7,500, கம்பனிப் பெயருக்கு விற்பனையில் நூற்றுக்கு இரண்டு என 15,000. செலவு 57,500. மிஞ்சுவது 17,500 ரூபா.

தகப்பனும் தாயும் காலை முதல் இரவு வரை நின்று உழைத்ததற்கு இருவருக்கும் சேர்த்து 17,500. அவர்கள் இருவரும் வேறெங்காவது குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனாலும் 60,000 வரும். அந்த 60,000 ஐ இந்தக் கடையில் எடுக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 45,000 ரூபாவுக்கு மேல் விற்க வேண்டும். பெயருக்கான அந்த இரண்டு வீதம் இல்லாவிட்டால் 39,500 ரூபாவைச் சற்றுத் தாண்டினாற் போதும். அதாவது அந்தப் பலகை, தான் உண்ணும் கூலிக்காகவே நாளுக்கு மேலும் சுமார் 5,600 ரூபா வியாபாரத்தை இழுத்துவர வேண்டும். பெரிய சந்தியில் அது முடியலாம். இருபது வீட்டுக்கு ஒரு கடை உள்ள குடியேற்றத்தில் முடியுமா?

இதில் கடன் வட்டியை நாம் சேர்க்கவில்லை. 25 இலட்சத்தை 14 வீத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 29,000 ரூபாவுக்கு மேல். கடன் எடுக்காமல் சொந்த நட்டஈட்டையே போட்டாலும், அதே பணம் 8 வீதத்தில் வங்கியில் கிடந்தால் மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் வட்டி வரும். பதினேழாயிரத்துக்காகப் பதினாறாயிரத்தை விட்டுவிட்டு, இரண்டு பேரின் உடலையும் தேய்ப்பதா? அம்மா கொப்பியை மூடி வைத்தார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் கடை நடப்பது கடன் கொப்பியில்தான். சம்பள நாளுக்குச் சம்பள நாள் கணக்குத் தீரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு இரவில் பனடோலும் பாணும் கொடுத்துவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் கடைக்காரரைத்தான் சனம் விட்டுப் போகாது. கம்பனியின் கணினிக்கு இந்த வழக்கம் தெரியாது. கடன் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் பழைய கடைக்கே போவார். கொடுத்தாற் கம்பனிக்குக் கட்டும் நாளில் நம் கை வெறுமையாக இருக்கும்.

ஒப்பந்தத்தின் மறுபக்கம்

ஜப்பானில் நடந்தவற்றை அறிவது நன்று. அங்கே இக்கடைகள் மிகச் சிறப்பாக நடப்பவை. ஆயினும் இலாபப் பங்கைக் கணிக்கும்போது, விற்காமல் வீசப்பட்ட உணவின் பெறுமதியைக் கழிக்காமலே தலைமையகம் தன் பங்கை எடுத்துவந்தது. வீசிய சோற்றின் நட்டம் கடைக்காரரின் தலையில் விழுந்தது. நாள் முடியுமுன் விலையைக் குறைத்து விற்க முயன்றவர்கள் தடுக்கப்பட்டார்கள். 2009 ஜூனில் அந்நாட்டின் நேர்மையான வர்த்தகத்துக்கான ஆணைக்குழு செவன் இலெவன் ஜப்பான் நிறுவனத்துக்கு அத்தடையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. அதன் பின் வீசப்படும் உணவின் செலவில் 15 வீதத்தைத் தாம் ஏற்பதாகத் தலைமையகம் அறிவித்தது.

2019 பெப்ரவரியில் ஒசாகாவுக்கு அருகில் ஒரு கடைக்காரர், மனைவியை இழந்து, வேலைக்கு ஆள் கிடைக்காமல், 24 மணி நேரமும் திறந்திருந்த கடையை நள்ளிரவு கடந்து ஒரு மணி முதல் காலை ஆறு மணி வரை பூட்டினார். ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி, சுமார் 1 கோடி 70 இலட்சம் யென் தண்டப்பணம் பற்றி அவருக்கு எச்சரிக்கை வந்தது. நாடே பேசிய பின் நேரக் கட்டுப்பாடு பல கடைகளுக்குத் தளர்த்தப்பட்டது. ஆனால் அவருடைய ஒப்பந்தம் அவ்வாண்டு முடிவில் இரத்தாயிற்று. 2022 இல் நீதிமன்றமும் கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தது. மனைவி இறந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், எழுதியதுதான் எழுதியது.

அமெரிக்காவில் கையொப்பத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகச் செலவு, வழக்கு, மூடிய கடைகளின் விபரம் யாவும் அடங்கிய பத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. மலேசியாவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கையொப்பமிட்ட பின்பும் மனம் மாறி விலகிக்கொள்ளக் குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. இலங்கையில் பிரான்சைஸுக்கென்று அத்தகைய தனிச் சட்டம் இல்லை. சாதாரண ஒப்பந்தச் சட்டமே உண்டு. எனவே சட்டம் தராத அந்த 14 நாளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். "இன்றே முற்பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்" என்று சொல்பவரிடம், போகட்டும் என்று சொல்லுங்கள்.

மலையகத்தில் எமது மூதாதையருக்குத் துண்டு முறை தெரியும். கங்காணியிடம் பட்ட கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. அக்கடனை வேறொருவர் தீர்த்தாலன்றித் தொழிலாளி தோட்டத்தை விட்டு நகர முடியாது. கணக்கு மற்றவன் கையில் இருந்தபடியால் கடன் எத்தனை என்பதும் அவனுக்கே தெரிந்தது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. கம்பனி ஒப்பந்தம் துண்டு முறை என்று நாம் சொல்லவில்லை. கையொப்பமிடுபவருக்கு வாசிக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் இன்று உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய நாற்பது பக்கத்தை வாசிக்காமல் ஒப்பமிட்டால் அந்த உரிமையை நாமே கொடுத்துவிடுகிறோம். கணக்கு முழுவதும் கம்பனியின் கணினியில் இருந்து, நம்மிடம் ஒரு கொப்பியும் இல்லையென்றால், பழைய நிலைக்குப் பாதித் தூரம் போய்விட்டோம் என்றே பொருள்.

வேறு வழி உண்டா?

பெயர் கொடுக்கும் எல்லா அமைப்பும் ஒரே மாதிரி அல்ல. இந்தியாவில் குஜராத் பால் விவசாயிகளின் கூட்டுறவான அமுல், தன் சிறு விற்பனை நிலையத்துக்கான விதிகளை வெளிப்படையாக அறிவித்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அது சொன்ன கணக்கு: 100 முதல் 150 சதுர அடி இடம், மொத்தம் சுமார் 2 இலட்சம் இந்திய ரூபா, அதில் 25,000 திரும்பப் பெறக்கூடிய வைப்பு. பெயருக்கென்று மாதப் பங்கு கிடையாது. விற்பவருக்குக் கிடைப்பது பைப் பாலில் இரண்டரை வீதம், பாற்பொருள்களில் பத்து வீதம், ஐஸ்கிறீமில் இருபது வீதம். இலாபம் சிறிதாக இருந்தாலும், எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். எந்தக் கம்பனியிடமும் இத்தகைய ஒரே பக்கக் கணக்கைக் கேளுங்கள். ஒரு பக்கத்தில் எழுத முடியாத கணக்கில் ஏதோ மறைந்திருக்கிறது.

அடுத்த வழி எமது மண்ணிலேயே பிறந்தது. தும்பறையில், மெனிக்கின்னையில், 1906 இல் விவசாயிகள் தொடங்கிய கடன் சங்கமே இலங்கையின் முதற் கூட்டுறவுச் சங்கம் எனப்படுகிறது. அதன் பின்னரே, 1911 இல், கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. கார்கில்ஸின் மூலக்கடை கண்டியில் தொடங்கிய அதே 1844 இல், இங்கிலாந்தின் ரொச்டேல் ஊரில் 28 பேர், பெரும்பாலும் ஏழை நெசவாளரும் கைத்தொழிலாளரும், 28 பவுண் சேர்த்து மா, சீனி, வெண்ணெய், மெழுகுதிரி விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள் என்பதும் நினைக்கத்தக்கது. ஒரு கடையில் இலாபம் முதல் போட்டவருக்கு. மற்றதில் இலாபம் சாமான் வாங்கிய அங்கத்தவருக்கு, அவரவர் வாங்கிய அளவுக்கு. உலகக் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் அது வழிகாட்டியாயிற்று.

எமது கூட்டுறவுக் கடைகளின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. போர்க்காலப் பங்கீட்டிலும் கூப்பன் காலத்திலும் அவை மக்களுக்குச் சோறு போட்டன. 1977 க்குப் பின் சந்தை திறந்தபோது பல தள்ளாடின. அரசியல்வாதியின் ஆட்களை வேலைக்கு நிரப்பியதும், கணக்கைக் கூட்டத்தில் வாசிக்காததும் அவற்றை நலிவித்தன. அப்பெயரைக் கேட்டாலே சிலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் குறை ஆட்களிடமும் கணக்கிலும் இருந்தது. சேர்ந்து வாங்குவதில் இல்லை. ஆகவே பத்துக் கடைக்காரக் குடும்பங்கள், ஒவ்வொன்றும் தன் பெயரில், தன் கொப்பியோடு, தன் வீட்டு முன்னறையிலேயே இருக்கட்டும். சரக்கை மட்டும் ஒரே லொறியில், ஒரே விலை பேசி, மொத்தக் கடையிலிருந்து ஒன்றாக வாங்கட்டும். மாதம் ஒரு முறை கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். கம்பனி தரும் பெரிய நன்மை மலிவாகச் சரக்கு வாங்கும் பலமே. அது நமக்கும் கைக்கெட்டாத பொருளல்ல.

உழவர் உழவராகவே இருக்கவும் வழி உண்டு. 1999 இல் கார்கில்ஸ் தன் முதலாவது மரக்கறிச் சேகரிப்பு நிலையத்தை ஹங்குரான்கெத்தையில் திறந்து விவசாயிகளிடம் நேரே வாங்கத் தொடங்கியது. கால் ஏக்கர் மிஞ்சியவருக்கு, சுப்பர்மார்க்கெட்டைத் தானே நடத்துவதிலும் பார்க்க, அதற்கு நல்ல போஞ்சியும் கறிமிளகாயும் கொடுப்பது நட்டம் குறைந்த தொழிலாக இருக்கலாம்.

கம்பனிக் கடைகளில் கற்க வேண்டியவை பல உண்டு. துடைத்த தரை, சரியான நிறை, எழுதிய விலை, காலாவதித் திகதி பார்க்கும் பழக்கம், பெண்பிள்ளை அச்சமின்றி நுழையக்கூடிய வெளிச்சம் ஆகிய இவற்றுக்கு எந்தக் கம்பனிக்கும் நுழைவுப் பணம் கட்டத் தேவையில்லை. இவற்றை நாளைக் காலையிலேயே நமது கடையில் தொடங்கலாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

அப்படியும் கம்பனிக் கடைதான் என்று தீர்மானித்தவர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து, கீழ்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள்.

1. நுழைவுப் பணம் எவ்வளவு, வைப்புப் பணம் எவ்வளவு? வைப்பு எந்த நாளில் திரும்பி வரும்?

2. கம்பனியின் பங்கு விற்பனையிலா, இலாபத்திலா? பழுதான பொருளின் நட்டம் யாருக்கு?

3. வெளியில் மலிவாகக் கிடைக்கும் பொருளை வாங்கி விற்கலாமா? சொந்தத் தோட்டத்து மரக்கறியை வைக்கலாமா?

4. இதே பெயரில் எத்தனை மைலுக்குள் இன்னொரு கடை வராது?

5. நோய், மரணம், மண்சரிவு வந்தாற் கடையைப் பூட்டலாமா? அதற்குத் தண்டம் உண்டா?

6. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் விலகினால் எவ்வளவு இழப்போம்? முடிந்தபின் அதே இடத்தில் சொந்தப் பெயரில் கடை வைக்கலாமா?

7. இதே கம்பனியின் கடையை இரண்டு ஆண்டுக்கு மேல் நடத்திய மூவரின் பெயரைத் தருவார்களா? மூடியவர் ஒருவரின் பெயரையும் தருவார்களா?

கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் பஸ் ஏறிப் போய் அவர்களைப் பாருங்கள். கடையின் முன்னால் அல்ல, பின் கதவில், மாலை வேளையில் அவருடைய மனைவியிடம் கேளுங்கள். பின்னர் கம்பனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சட்டத்தரணியிடம் பத்திரத்தைக் காட்டித் தமிழில் வாசிப்பித்துக் கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் சில ஆயிரம் வீண் செலவல்ல.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்றை வலியுறுத்துகிறோம். புதிய வீட்டின் உறுதியை இந்தக் கடைக்காக ஈடு வைக்க வேண்டாம். கடை மூடினால் மீண்டும் திறக்கலாம். தட்டையும் தராசையும் விற்கலாம். ஆனால் ஆறு கொண்டுபோனபோது, போர் துரத்தியபோது, மலை சரிந்தபோது ஒரு முறை மூட்டை கட்டிய குடும்பம், தன் கையொப்பத்தினாலேயே இரண்டாம் முறை மூட்டை கட்டக் கூடாது. நட்டஈட்டில் பாதியையாவது தொடாமல் வைத்துவிட்டு, மீதியில் எவ்வளவு சிறிய கடை முடியுமோ அவ்வளவு சிறிய கடையோடு தொடங்குங்கள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கொப்பி. பலகையில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.